பெல்ட்டம்மா சொல்லாத வார்த்தை

எங்கள் பக்கத்தில் 'ஒண்ணும் ஆகாது' என்ற வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லையா, ஒண்ணும் ஆகாது. திறந்த தண்ணீர் வயலோடு நின்று நாற்று அழுகுகிறதா, அப்போதும் ஒண்ணும் ஆகாது. பையன் பரீட்சையில் கோட்டை விட்டாலும் அதுதான், மாமனார் மூச்சுக்குத் திணறினாலும் அதுதான். பாபநாசத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற நானே, தேய்ந்த பேரிங்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தையை ஒரு தடவைகூட வாயில் வைக்காத ஒரே ஒரு ஆளைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அவர் பெல்ட்டம்மா.

அவருக்கு அழகான ஒரு பெயர் உண்டு. அதை எழுதினால், "என் பேரு எதுக்குண்ணே, விஷயத்தைச் சொல்லுங்க" என்பார். ஆகவே அது இருக்கட்டும். சொந்த ஊர் கூத்தாநல்லூர். தஞ்சாவூரில் இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். முப்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, காற்றுக்கு நழுவாமல் ஊக்குப் போட்ட முக்காடு, ஒரு ஸ்கூட்டி, தோளில் ஒரு பை. பைக்குள்ளிருந்து முதலில் வெளியே வருவது மார்பைச் சுற்றிக் கட்டுகிற கறுப்பு பெல்ட். வந்ததும் வராததுமாக ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று என் மனைவி முதல் நாள் ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதில் பெல்ட்டை முக்கி எடுத்தார். நனைந்தால்தான் அது துடிப்பைப் பிடிக்குமாம். பெல்ட்டம்மா என்ற பெயர் அன்றைக்கே வைத்தாயிற்று.

எனக்கு நெஞ்சுவலி வந்தது ஐப்பசியில். சம்பா நடவு மும்முரம், கடையில் நிற்க இடமில்லை. ரொட்டவேட்டர் பிளேடு இருந்த பெட்டியைத் தூக்கினேன், அவ்வளவுதான் நினைவு. பிறகு ஆஸ்பத்திரி, ஸ்டென்ட், ஒரு கூடை மாத்திரை. பார்க்க வந்த சொந்தபந்தம் முழுக்க ஆரஞ்சுப் பழத்தோடு அந்த வார்த்தையையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனது. வெளியே போய் அவர்கள் மெல்லிய குரலில் வேறு பேசியதும் எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வியாதி ஆரம்பித்தது. வலி போய்விட்டது, பயம் போகவில்லை. சொன்னால் வெட்கக்கேடு, தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டேன். தும்மினால் உள்ளே வைத்த கம்பிச்சுருள் நழுவிவிடும் என்று ஒரு நினைப்பு. மாடிப்படி பக்கமே போகவில்லை. குளிக்கும்போது கதவைத் தாழ் போடவில்லை. கட்டிலில் படுத்து நெஞ்சில் கை வைத்து, அடுத்த துடிப்பு வருகிறதா என்று காத்துக்கொண்டே கிடப்பேன். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டேன். மூச்சு வாங்காத அளவுக்கு என்றார். எனக்கோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது.

அந்த நிலையில்தான் அவர் வந்தார். நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"நடந்தா ஒண்ணும் ஆகாதுல்லம்மா?"

"அது தெரியாதுங்கண்ணே" என்றார்.

என் மனைவி கையிலிருந்த காபி தட்டில் சிந்தியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெரியாது என்று சொல்வதற்கா தஞ்சாவூரிலிருந்து பெட்ரோல் செலவழித்து வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எதுவரைக்கும் நடந்தால் உங்கள் உடம்பு திணறாது என்பதைக் கண்டுபிடிக்க முடியும், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, பெல்ட்டை உதறினார். குதிரைக்குச் சேணம் கட்டுவதைப்போல இருக்கிறதே என்று முனகிக்கொண்டே சட்டையைக் கழற்றினேன்.

வயதைக் கழித்து, இவ்வளவு துடிப்பு வரைக்கும் போகலாம் என்று சொல்கிற கணக்கு ஒன்று இருக்கிறதாம். நான் விழுங்குகிற ஒரு மாத்திரை துடிப்பையே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது எனக்குச் சரிப்படாது என்றார். முகமூடியை மாட்டி ஓடவிட்டு மூச்சை அளக்கலாம். நடுநடுவே விரல் நுனியில் குத்தி ரத்தச் சொட்டு எடுத்தும் பார்க்கலாம். ஊசி என்றதும் நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதை அவர் கவனித்திருக்க வேண்டும். குத்தாமலும் பார்க்க ஒரு வழி உண்டு என்றார்.

நெஞ்சு கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிப்பதில்லையாம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளி சற்றுக் கூடும், சற்றுக் குறையும். மெல்ல நடக்கும்வரை அந்தக் கூடுதல் குறைச்சலில் ஒரு போக்கு இருக்கும். உடம்பு திணற ஆரம்பித்தால் அந்தப் போக்கு கலையும். பெல்ட் இடைவெளிகளைப் பிடித்து ஃபோனுக்கு அனுப்பும், ஃபோன் கணக்குப் போட்டு ஓர் எண்ணாகக் காட்டும். சும்மா நடந்தால் ஒன்றுக்கு அக்கம்பக்கம். முக்காலுக்கு இறங்கினால் முதல் எல்லை. அரைக்கு இறங்கினால் இரண்டாவது. நான் விழித்ததைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் தெரிந்த வயலைக் காட்டினார்.

"முதல் வரப்பு வரைக்கும் உங்க வயல்ண்ணே. அதைத் தாண்டினா அடுத்தவங்க வயல், கொஞ்ச நேரம் நின்னா ஏன்னு கேக்க மாட்டாங்க. ரெண்டாவது வரப்புக்கு அந்தாண்ட நமக்கு வேலையே இல்லை. ஆனா இதுவும் தோராயந்தான். வரப்பு ஒரு சாண் தள்ளியும் இருக்கலாம்."

ஒரு சாண் வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

குடமுருட்டிக் கரையில்தான் நடந்தோம். வாரத்தில் சில காலைகள் அவர் வருவார், மற்ற நாட்களில் நானும் மனைவியும் மட்டும். அவர் கூட நடந்தால் பாதையைப் பார்க்கவே மாட்டார், கண் ஃபோனில்தான். ஒருமுறை சாணியில் கால் வைத்தார். இன்னொரு முறை மதகுப் பக்கம் போய்விட்டவரை என் மனைவி முந்தானையை வீசாத குறையாகப் பிடித்து இழுத்தாள். பேச்சுக் கொடுக்க மாட்டார், சபாஷ் போட மாட்டார். எண் இறங்குவது தெரிந்தால், "வரப்பு" என்று ஒரே சொல். நான் வேகத்தைக் குறைப்பேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம் வந்துவிடும். ஆனால் அது வராத வரையில் பயமில்லாமல் கால் எடுத்து வைக்க முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் பனிக்காலைப்பொழுதில் எண் சடசடவென்று விழுந்தது. நான் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், மகளைக் கூப்பிட்டேன், அவள் சென்னையில் இருக்கிறாள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஃபோனை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். நடுவில் துடிப்பு ஒன்றிரண்டு முந்திக்கொண்டு வந்திருக்கிறது, அதனால் கணக்குக் கெட்டிருக்கிறது என்றார். அது ஆபத்தா என்று கேட்டேன். தெரியாது, டாக்டரிடம் போவோம் என்றார். அன்றைக்கு வேறு யார் வீட்டுக்கோ போக வேண்டியவர், அங்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டு எங்களோடு தஞ்சாவூருக்கு வந்து, பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நிறையப் பேருக்கு வருவதுதான், ஒண்ணும் ஆகாது என்றார். நான் பெருமையோடு பெல்ட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எப்படி வந்தால் திரும்ப அழைத்து வர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஆளுக்கு ஏன் அந்த ஒரு வார்த்தை வர மாட்டேன் என்கிறது என்று எங்கள் கடைத்தெருவே யோசித்தது. டீக்கடையில் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அவர் அப்படிச் சொல்லி யாரோ செத்துப் போயிருக்க வேண்டும் என்று ஒருவர். புருஷனாகத்தான் இருக்கும் என்று இன்னொருவர். அவர் புருஷன் மன்னார்குடியில் கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார், ஒருமுறை மழையில் ஸ்கூட்டி நின்றுபோனபோது வந்து கூட்டிக்கொண்டு போனார். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்த ஒரு சில தடவைகளில் அது ஒன்று.

"யாரும் சாகலைண்ணே. தெரியாததைச் சொல்ல வராது, அவ்வளவுதான்."

என் மனைவி விடவில்லை. உங்கள் ஆட்கள் இன்ஷா அல்லா என்று சொல்வார்களே, அதையாவது சொல்லித் தொலையேன் என்றாள். அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் நடக்கிறேன் அக்கா என்றார் அவர். சத்தமாகச் சொன்னால் அண்ணன் அதையும் 'ஒண்ணும் ஆகாது' என்று எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னார். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அவர் மஸ்கட்டில் இருக்கிறார். அங்கேயும் ஒரு ஆஸ்பத்திரியில் இதே வேலைதான். போகுமுன் விடைபெற வந்தபோது, நீங்கள் போய்விட்டால் என் கதி என்ன என்று கேட்டேன். பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்துதான் கேட்டேன். அந்தப் பதிலைத்தான் சொன்னார். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் குரல் செய்தி வரும். எடுத்த எடுப்பில், "நடக்குறீங்களாண்ணே?" என்றுதான் ஆரம்பிக்கும். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சித்திரை மாத வெள்ளிக்கிழமைதான். அதைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாக ஆகாது.

பங்குனிக் கடைசியில் என் மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். பிழைத்து எழுந்தால் சித்திரைத் திருவிழாவில் என் கையாலேயே, இல்லை, என் தலையாலேயே பால்குடம் எடுக்க வைப்பதாக. நீ வேண்டிக்கொண்டால் நீயே தூக்கு என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதாள். ஆத்தா உசுரைக் கொடுத்துவிட்டாள், கொடுத்ததைக் கேட்டு வாங்கவும் அவளுக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதைக் கேட்டதும் எனக்கு இரண்டாவது பயம் பிடித்துக்கொண்டது. குடத்தைத் தூக்கினால் நெஞ்சு நின்றுவிடும். தூக்காவிட்டால் ஆத்தா நிறுத்திவிடுவாள்.

படித்த பெண், அதுவும் வேறு மதம், இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பெல்ட்டம்மா அப்படிச் செய்யவில்லை. குடம் என்ன எடை, எவ்வளவு தூரம், செருப்பு உண்டா, வெயில் ஏறுமுன் முடியுமா என்று வரிசையாகக் கேட்டார். படித்துறையிலிருந்து கோயில் வரை ஒரு மைல் தொலைவு, வெறுங்கால், கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை குடத்தைக் கீழே இறக்கக் கூடாது, இறக்கினால் வேண்டுதல் முறிந்துபோகும் என்று என் மனைவி சொன்னாள். அந்த ஒன்றை மட்டும் அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு டாக்டரிடம் தானே போய்ப் பேசினார். சின்னக் குடம், மெதுவான நடை என்றால் போகட்டும் என்று அனுமதி வந்தது.

அப்புறம் ஊரே சிரிக்க, தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் ஒரு குடம் தண்ணீரோடு நான் ஆற்றங்கரையில் நடந்தேன். குடத்தைப் பிடிக்க இரண்டு கையையும் தூக்கினால் வரப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு கை, மாற்றி மாற்றி என்று வைத்தோம். வெயில் ஏறினால் இன்னும் சீக்கிரம் வந்தது. கடைசியில், எந்த நடை என் நடை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மாடு மேய்க்கிற பெரியவர்கூட என்னை முந்திக்கொண்டு போவார், அவ்வளவு மெதுவான நடை.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லாத காலம், மோட்டார் போட்டு விட்ட தண்ணீரில்தான் தலை முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தோம். மஞ்சள் வேட்டி, உடம்பு முழுக்கச் சந்தனம், கழுத்தில் வேப்பிலை மாலை. பெல்ட்டை நனைக்கிற வேலையை இத்தனை மாதத்தில் என் மனைவியே எடுத்துக்கொண்டிருந்ததால், பெல்ட்டம்மா பையிலிருந்து அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் உள்ளே போனாள். சாமி அறை வழியாக வந்தாள். நான் கட்டிக்கொண்டேன். ஃபோனில் எண் வந்தது, ஒன்றுக்குப் பக்கத்தில். குடம் எடுக்கப் படித்துறைக்குக் கிளம்பினோம். பெல்ட்டம்மா செருப்பைக் கழற்றி ஸ்கூட்டியில் வைத்துவிட்டு, என் வலது பக்கம் வந்து நின்றார். உனக்கு எதற்கு வெறுங்கால் என்று என் மனைவி கேட்டாள். அண்ணன் நடை எனக்கும் தெரிய வேண்டும் அல்லவா என்றார்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நூறு குடத்துக்கு மேல் இருக்கும், நான் நடுவில். பிறகு முன்னால் என்னவோ பேச்சு. ராகுகாலம் பிறக்குமுன் பாலை ஊற்ற வேண்டும், நேரம் போகிறது என்று விழாக் கமிட்டியில் இருக்கிற என் மைத்துனன் மேளக்காரர்களை விரட்டினான். மேளம் துரிதமானது. மேளம் போகிற வேகத்தில் கால் தானாகப் போகும், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. எல்லாரும் குலவையிட்டார்கள். தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. என் நடை எங்கே போனதென்றே எனக்குத் தெரியவில்லை.

'வரப்பு' என்று எப்போது சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. அப்படியானால் நாம் நம் வயலுக்குள்தான் இருக்கிறோம் என்று தைரியப்படுத்திக்கொண்டேன். ஆனால் கழுத்து நரம்பு அடிப்பது எனக்கே கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எவ்வளவும்மா?"

"எண் வரலைண்ணே. என்னென்னமோ காட்டுது. நில்லுங்க."

நிற்பதா, அந்தக் கூட்டத்திலா. பின்னால் வந்தவர்கள் என் முதுகில் முட்டினார்கள். மைத்துனன் ஓடி வந்தான். நடுவில் நிற்காதீங்க மாமா, ஆத்தா பார்த்துப்பா, ஒண்ணும் ஆகாது, நடங்க என்றான். சுற்றியிருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். நின்றால் வேண்டுதல் முறியும், நடந்தால் நெஞ்சு நிற்கும். தலைக்கு மேல் ஒரு குடம் பால், யாரோ இடித்ததில் அது தளும்பி என் கண்ணில் வழிந்தது. இதுதான் சாவு போல என்று நினைத்தேன். பெல்ட்டம்மாவைப் பார்த்துக் கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒண்ணும் ஆகாதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லும்மா. நடந்துடுறேன்."

அவர் உதடு அசைந்தது. சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். சொல்லவில்லை. என் மைத்துனன் பக்கம் திரும்பி, "குடத்தை இறக்கக் கூடாதுன்னுதானே வேண்டுதல்? நிக்கக் கூடாதுன்னு இருக்கா?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அவன் யோசிப்பதற்குள் அவர் என் முழங்கையைப் பிடித்து ரோட்டோரப் புங்க மரத்து நிழலுக்குக் கொண்டுபோய்விட்டார். குடம் தலையில் அப்படியே இருந்தது. ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போனது.

பெல்ட்டை அவிழ்த்து உட்புறத்தைத் திருப்பினார். உடம்பில் ஒட்ட வேண்டிய இரண்டு ரப்பர் பட்டைகளிலும் அரை விரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் வட்டமாகக் குங்குமம். ஈரமாக இருந்தவரை துடிப்பை விட்டது, வெயிலில் காய்ந்ததும் ஓடாகி மறித்துவிட்டது. யார் வைத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் தராசு முதல் ஸ்பேனர் வரை பொட்டு வைப்பவள் என் மனைவிதான். மிஷின்தானே, நல்லபடியா ஓடட்டும்னு வெச்சேன் என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நடக்கிறவர்கள் காலில் ஊற்றுவதற்காக வாசலில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்த வீட்டில் ஒரு குடம் வாங்கி, அவள்தான் ஊற்றினாள். பெல்ட்டம்மா நகத்தால் சுரண்டிக் கழுவி, மறுபடி என் மார்பில் கட்டினார். கணக்கு வர இரண்டு நிமிடத் துடிப்பாவது சேர வேண்டும் என்றார். அதுவரைக்கும் என் மணிக்கட்டை விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். மேளச் சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தது. என் நாடிதான் இப்படித் துள்ளுகிறதா என்று பார்த்தேன். என் கை மட்டுமில்லை. அவர் விரலும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை மாதம் எனக்குத் தெரியவில்லை. ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் சாணியை மிதித்தது, சபாஷ் போடாதது, பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தது, எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"பயமா இருக்காம்மா?"

"ரொம்பண்ணே."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் தைரியம் சொன்னபோது ஏறிக்கொண்டே போன பயம், அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் இறங்கியது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எண் வந்தது. ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. முன்னே ரோட்டில் நான் ஓடினேனே, அப்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டேன். தெரியாது அண்ணே, இனிமேல் தெரியவும் போவதில்லை என்றார். எந்த வரப்பைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன் என்பது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மேளம் இல்லாமல், கூட்டம் இல்லாமல், மூன்று பேரும் நடந்தோம். எங்கள் ஆற்றங்கரை நடை. ஒரு கை, மாற்றி மாற்றி. என் மனைவி முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனாள். இரண்டு தடவை "வரப்பு" என்றார், இரண்டு தடவையும் நின்றேன். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லார் பாலும் ஊற்றி முடிந்து, கூட்டம் மோருக்கு நின்றுகொண்டிருந்தது. ராகுகாலம் பிறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பூசாரி என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே குடத்தை நீட்டினேன். அம்மனுக்கு ராகுகாலந்தானே விசேஷம், கொண்டாங்க என்று வாங்கி ஊற்றிவிட்டார். இதற்காகவா மேளத்தை அந்த விரட்டு விரட்டினான் என்று மைத்துனனைத் தேடினேன், ஆளைக் காணவில்லை.

என் மனைவி சன்னதியில் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெல்ட்டம்மாவிடம் வந்தாள். அவர் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. இவள் அதைப் பார்த்தாள், பார்த்தும் சந்தோஷத்தை அடக்க முடியாமல் சொன்னாள்.

"பாத்தியாம்மா, ஒண்ணும் ஆகலை பாரு."

பெல்ட்டம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஃபோனைப் பார்க்கவில்லை.

"ஆமாக்கா. இன்னிக்கு ஆகலை."

அவர் மஸ்கட் போய் இரண்டு சம்பா அறுத்தாயிற்று. நான் ஆற்றங்கரையில் நடந்துகொண்டுதான் இருக்கிறேன், பயந்துகொண்டும்தான் இருக்கிறேன். கடையில் யாராவது தேய்ந்த பேரிங்கைக் காட்டித் தாங்குமா என்று கேட்டால், தெரியாதுங்க, மாற்றிவிடுங்கள் என்கிறேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று திட்டிவிட்டுப் போகிறார்கள். பொழுது சாய்ந்து ஷட்டரை இறக்கிப் பூட்டும்போது, சாவியோடு அந்தக் கையை ஒரு நிமிஷம் நெஞ்சில் வைத்துக்கொள்வேன். இன்னிக்கு ஆகலை என்று அவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, என் நடையில் வீட்டுக்கு நடப்பேன்.